காடு பச்சையாக இருக்கும்போதே

ஒரு எக்டேர் காட்டுக்கு 15 கிராம். அமெரிக்காவின் ஓக் காடுகளில் ஸ்பாஞ்சி மாத் என்ற அந்துப்பூச்சியைத் தடுக்க விமானத்திலிருந்து தூவப்படும் மருந்தின் அளவு அவ்வளவுதான். முன்பெல்லாம் இதைவிடப் பல மடங்கு தூவினார்கள். குறைத்துக் குறைத்துப் பார்த்து, இதுவே போதும் என்று கண்டிருக்கிறார்கள். இந்த 15 கிராம் எந்தப் பூச்சியையும் கொல்லாது, எந்தப் புழுவின் வயிற்றையும் கெடுக்காது. ஆண் அந்துவுக்குப் பெண் அந்து இருக்கும் இடம் தெரியாமல் செய்யும். பெண்ணின் உடலிலிருந்து கசியும் அதே வாசனையை ஆலையில் செய்து காடெங்கும் பரப்பிவிடுகிறார்கள். ஆணுக்கு எங்கு திரும்பினாலும் பெண்ணின் மணம். பெண் மட்டும் அகப்படுவதில்லை. கருவுறாத முட்டை பொரியாது. அடுத்த வசந்தத்தில் இலை தின்னப் புழு இருக்காது.

நான் வேதியியல் படித்தவன், பூச்சியியல் ஆர்வத்தால் வந்தது. இந்த முறையைப் பற்றி வரும் கட்டுரைகள் பெரும்பாலும் இதை 'விஷமில்லாத பூச்சிக்கொல்லி' என்று அறிமுகப்படுத்துகின்றன. எனக்கு அந்த வர்ணனை ஒட்டவில்லை. பூச்சிக்கொல்லி என்பது பூச்சி பெருகியபின் கையில் எடுப்பது. இதையோ, பூச்சி பெருகியபின் எடுத்தால் காசுதான் வீண். மரங்கள் பச்சையாக நிற்கும்போது, புழுவை யாரும் கண்ணால் பார்க்காதபோது, 'இங்கே என்ன பிரச்சினை இருக்கிறது?' என்று ஊரார் கேட்கும்போது செய்தால்தான் பலிக்கும். இதன் பலமும் இதுதான், இதோடு வரும் தலைவலிகள் எல்லாவற்றுக்கும் காரணமும் இதுதான்.

முதலில் ஆண் எப்படித் தேடுகிறது என்று பார்த்துவிடலாம். பெண் அந்து வயிற்று நுனியிலுள்ள சுரப்பியை வெளியே நீட்டி மணத்தை விடுகிறது. அளவு நானோகிராம் கணக்கு. அது காற்றில் சீரான புகையாகப் பரவுவதில்லை. கிழிந்து, பிரிந்து, மெல்லிய இழைகளாகப் போகிறது. இழைக்கும் இழைக்கும் நடுவே வெறுங்காற்று. ஆணின் இறகு போன்ற உணர்கொம்பில் ஓர் இழை பட்டதும் அது காற்றை எதிர்த்து முன்னேறும். இழை விட்டுப்போனால் முன்னேறுவதை நிறுத்திவிட்டு, காற்றுக்குக் குறுக்கே இப்படியும் அப்படியுமாக வளைந்து பறக்கும். மீண்டும் பட்டால் மீண்டும் முன்னே. பெண் எந்தத் திசையில் இருக்கிறது என்பதை மணம் சொல்வதில்லை, காற்றுதான் சொல்கிறது. 'இப்போது முன்னேறு' என்பதை மட்டும் மணம் சொல்கிறது.

இதில் முக்கியமானது அந்த விட்டு விட்டு வருவது. காற்றுச் சுரங்கத்தில் விட்டு விட்டு வராமல் ஒரே சீராக மணத்தை நிரப்பிவிட்டால் சில இன அந்துகள் முன்னேறாமல் நின்றுவிடுகின்றன. மணம் இருக்கிறது, அதுவும் ஏராளமாக. ஆனால் அதில் செய்தி இல்லை.

பிரெஞ்சு இயற்கையியலாளர் ழான் ஆன்ரி ஃபாப்ர் 19ஆம் நூற்றாண்டில் இதன் விளிம்பைத் தொட்டுவிட்டார். கூட்டிலிருந்து புதிதாக வெளிவந்த பெண் பெரிய மயில் அந்து ஒன்றைக் கம்பிவலைக் கூண்டில் மூடி வைத்திருந்தார். அன்றிரவே நாற்பது போல ஆண்கள் வீட்டுக்குள் பறந்து வந்தன. காற்றுப் புகாத பெட்டியில் பெண்ணை அடைத்தால் ஒன்றும் வரவில்லை. அறையில் நாப்தலீனை வைத்து அந்த நெடியால் பெண்ணின் மணத்தை மறைக்கப் பார்த்தார். ஆண்கள் அதைப் பொருட்படுத்தவேயில்லை. வேறெந்த நாற்றத்தைக் கொண்டும் அந்த மணத்தை அமுக்க முடியாது. அமுக்க வேண்டுமானால் அதே மணம்தான் வேண்டும். ஆனால் அது என்ன பொருள் என்று தெரிய 1959 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த ஆண்டில் ஜெர்மனியில் அடால்ஃப் பூட்டனான்ட் குழு பட்டுப்பூச்சிப் பெண்ணின் மணப்பொருளைக் கண்டறிந்து பாம்பிகால் என்று பெயரிட்டது. பாலின ஹார்மோன்களுக்காக 1939லேயே நோபல் அறிவிக்கப்பட்டவர் அவர். ஏறக்குறைய 20 ஆண்டு உழைப்பு, 5 லட்சம் பெண் அந்துகளின் சுரப்பிகள். கடைசியில் கையில் கிடைத்தது சில மில்லிகிராம். பட்டுப்பூச்சியைத் தேர்ந்தெடுத்ததற்கு எளிய காரணம், அதை லட்சக்கணக்கில் வளர்த்துத் தர ஒரு தொழிலே இருந்தது. இப்படிப்பட்ட மணப்பொருளைக் குறிக்கும் ஃபெரோமோன் என்ற சொல்லும் அதே 1959இல்தான் பிறந்தது.

பட்டுக்கும் நம் ஸ்பாஞ்சி மாத்துக்கும் வேறொரு தொடர்பு உண்டு. அமெரிக்காவில் அந்தப் பூச்சி இருப்பதற்குக் காரணமே பட்டு ஆசைதான். எத்தியேன் லியோபோல் த்ரூவெலோ என்ற பிரெஞ்சுக்காரர் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மெட்ஃபோர்டில் குடியிருந்தார். பட்டுநூல் தரும் புழுக்களை வளர்க்கும் சோதனையில் இறங்கியிருந்த அவர், 1868 அல்லது 1869இல் ஐரோப்பாவிலிருந்து இந்தப் பூச்சியின் முட்டைகளைக் கொண்டுவந்தார். சில தப்பித்துவிட்டன. அவர் பிறகு பூச்சிகளை விட்டுவிட்டு வானியலுக்குப் போய், கோள்களையும் சூரியனையும் அற்புதமாக வரைந்து பெயரெடுத்தார்; நிலவில் ஒரு பள்ளத்துக்கு அவர் பெயர் இருக்கிறது. 1882இல் பிரான்சுக்குத் திரும்பியும் விட்டார். 1889இல் மெட்ஃபோர்டின் மரங்கள் மொட்டையாகி, வீட்டுச் சுவர்களிலும் நடைபாதைகளிலும் கம்பளிப்புழு ஊர்ந்தபோது அவர் அந்த ஊரிலேயே இல்லை. பூச்சியின் பழைய பெயர் ஜிப்சி மாத். ரோமானி மக்களை இழிவுபடுத்துகிறது என்று 2022இல் அமெரிக்கப் பூச்சியியல் கழகம் அதை மாற்றியது.

1981இல் மட்டும் அந்த நாட்டின் வடகிழக்கில் ஏறக்குறைய 1.29 கோடி ஏக்கர் காடு இந்தப் புழுவால் இலையிழந்தது. ஓக் மரம் ஓராண்டு மொட்டையானால் மீண்டும் துளிர்த்துவிடும். அடுத்தடுத்து நடந்தாலோ, நடுவே வறட்சி வந்தாலோ காய்ந்துபோகும்.

இதற்கு எதிராகச் செய்யப்பட்டவற்றின் வரலாறு அவ்வளவு பெருமைப்படத்தக்கதல்ல. ஈய ஆர்சனேட் தெளித்தார்கள். இரண்டாம் உலகப்போருக்குப்பின் டிடிடி வந்தது. 1957இல் வடகிழக்கு மாநிலங்களில் லட்சக்கணக்கான ஏக்கரில் விமானத்திலிருந்து டிடிடி தெளித்தபோது லாங் ஐலண்ட் மக்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். பறவையியலாளர் ராபர்ட் குஷ்மன் மர்ஃபி அவர்களில் ஒருவர். வழக்கு தோற்றது. ஆனால் அந்த எதிர்ப்பிலிருந்துதான் அமெரிக்கப் பூச்சிக்கொல்லி விவாதத்தின் பெரும்பகுதி கிளம்பியது. இன்று பயன்படும் பிடி என்ற பாக்டீரியா மருந்து எவ்வளவோ மேல். ஆனால் அந்த வாரங்களில் இலை தின்றுகொண்டிருக்கும் மற்ற வண்ணத்துப்பூச்சி, அந்துப் புழுக்களுக்கும் அது எமன்தான். ஸ்பாஞ்சி மாத்தின் மணமோ அந்தப் பூச்சிக்கும் அதன் நெருங்கிய உறவினருக்கும் தவிர வேறு யாருக்கும் ஒரு பொருட்டே அல்ல.

இனி என் துறை. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், வேதியியல் கதை இங்கேதான் சுவையாகிறது.

பூட்டனான்டின் கண்டுபிடிப்பு வந்த சூட்டோடு, 1960இல் அமெரிக்க வேளாண் துறை வேதியியலாளர்கள் தங்கள் அந்துவின் மணப்பொருளைக் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தார்கள். கிப்டால் என்று பெயர் வைத்தார்கள். அங்கேயும் 5 லட்சம் பெண் அந்துகள். அதைப்போன்ற இன்னொரு பொருளை மலிவாகச் செய்து கிப்லூர் என்ற பெயரில் காட்டில் சோதித்தார்கள். ஆண்கள் கண்டுகொள்ளவில்லை. பத்தாண்டுக்குப்பின் அவர்களில் ஒருவரே மறு ஆய்வு செய்து, கிப்டால் அந்த மணப்பொருள் அல்ல என்று எழுதினார். அறிவியலில் பத்தாண்டு தவறான பாதையில் போவது புதிதல்ல. சுத்தமான பொருள் எதுவும் செய்யாதபோது 'களத்தில் ஏதோ கோளாறு' என்று காட்டைக் குறை சொல்லத் தோன்றும் என்பதால் இந்தக் கதையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அந்து சொன்னதுதான் சரி.

1970இல் பார்பரா பியர்ல், மோர்டன் பெரோசா, கோலியர் மூவரும் சரியான பொருளைப் பிடித்தார்கள்: டிஸ்பார்லூர். பதினெட்டுக் கார்பன் சங்கிலி, ஓர் ஓரத்தில் ஒரு மெத்தில் கிளை, நடுவே ஏழாவது எட்டாவது கார்பன்களை இணைக்கும் ஓர் ஆக்சிஜன் வளையம். பார்க்க எளிய மூலக்கூறு. ஆனால் அந்த வளையம் இருப்பதால் இதற்கு இரண்டு வடிவம் உண்டு, இடது கால் செருப்பும் வலது கால் செருப்பும் போல. 1974இல் ஜப்பானிய வேதியியலாளர்கள் இரண்டையும் தனித்தனியாகச் செய்து பார்த்தபோது, ஆண் அந்து ஓடி வருவது வலஞ்சுழி வடிவத்துக்குத்தான் என்று தெரிந்தது. இடஞ்சுழி வடிவம் சும்மா இருப்பதும் இல்லை. அதைக் கலந்தால் ஈர்ப்பு குறைகிறது.

ஏன் குறைய வேண்டும்? ஐரோப்பாவில் இதன் உறவுக்கார அந்து ஒன்று உண்டு, நன் மாத் என்பார்கள். ஸ்ப்ரூஸ், பைன் மரங்களைத் தின்பது. அதன் பெண் விடும் மணத்தில் பெரும்பங்கு இடஞ்சுழி டிஸ்பார்லூர். இரண்டு இனமும் ஒரே காட்டில் வாழும்போது, இடஞ்சுழி மணம் அடித்தால் 'அது உன் பெண் அல்ல' என்று ஸ்பாஞ்சி மாத் ஆணுக்குப் பொருள். எங்கு திரும்பினாலும் பெண்ணின் மணம் என்று முதல் பத்தியில் எழுதினேனே, அதில் இந்த நுணுக்கமும் ஒளிந்திருக்கிறது. வலஞ்சுழியை மட்டும் சுத்தமாகச் செய்வது செலவு பிடிக்கும் வேலை. 1980 வாக்கில் அமெரிக்க வேதியியலாளர் பாரி ஷார்ப்ளெஸ் கண்டுபிடித்த எபாக்சைடு வழிமுறை, அதாவது இத்தகைய ஆக்சிஜன் வளையத்தை வேண்டிய வடிவத்தில் அமைக்கும் முறை, அதைச் சுலபமாக்கியது. அதைப்போன்ற வேலைகளுக்காக 2001இல் அவருக்கு நோபல் கிடைத்தது. சுத்தமான வலஞ்சுழி டிஸ்பார்லூர் இனக்கவர்ச்சிப் பொறிகளுக்குப் போகிறது. அங்கே ஆணை வரவழைக்க வேண்டும். காட்டில் தூவுவது இரண்டும் சரிபாதி கலந்த மலிவான கலவை. ஆணை யாரும் எங்கும் வரவழைக்க விரும்பவில்லை, தேடல் குலைந்தால் போதும்.

சரி, குலைவது எப்படி? இந்த யோசனை களத்தில் பலிக்கும் என்று முதலில் காட்டியது காட்டில் அல்ல, வயலில். 1967இல் கலிஃபோர்னியாவில் ஹாரி ஷோரி குழு முட்டைக்கோஸ் வகைப் பயிர்களைத் தின்னும் அந்துவின் மணத்தைப் பரப்பி, ஆண்கள் பெண் வைத்த பொறிகளுக்கு வராமல் தடுத்துக் காட்டியது. அதிலிருந்து இன்று வரை 'எப்படிக் குலைகிறது' என்பதில் ஆய்வாளர்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு விளக்கம், ஆண் பொய்யான மணமூட்டிகளின் பின்னால் அலைந்து நேரத்தைத் தொலைக்கிறது என்பது. இன்னொன்று, பெண்ணின் மெல்லிய இழைகள் பின்னணி மணத்தில் கரைந்து தெரியாமல் போகின்றன என்பது. மூன்றாவது, ஓயாத மணத்தால் உணர்கொம்பும் மூளையும் மரத்துப்போகின்றன என்பது. பூச்சிக்குப் பூச்சி, கலவைக்குக் கலவை இந்த மூன்றின் பங்கும் மாறும். ஸ்பாஞ்சி மாத் விஷயத்தில் சரிபாதிக் கலவை ஆணைப் பெரிதாக ஈர்ப்பதில்லை. எனவே பொய்த்தடத்தைத் துரத்துவதைவிடப் பின்னணியில் கரைவதும் மரத்துப்போவதும்தான் பெரும்பாலும் நடக்கிறது என்று தோன்றுகிறது.

ஆனால் ஆண் சும்மா இருந்துவிடுவதில்லை. மணம் சூழ்ந்த காட்டில் அது மரத்துக்கு மரம் போய் அடிமரத்தை ஒட்டி மேலும் கீழும் பறக்கிறது. பெண் அங்கேதான் இருக்கும். அமெரிக்காவில் பரவியிருக்கும் வகையின் பெண்ணுக்குச் சிறகு உண்டு, பறக்க முடியாது. கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்த இடத்துக்குப் பக்கத்திலேயே மரப்பட்டையில் உட்கார்ந்திருக்கும். சாப்பிடுவதும் இல்லை. வாழ்நாள் சில நாட்கள்தான். ஓர் எக்டேரில் பெண்கள் நிறைய இருந்தால், மணமே இல்லாவிட்டாலும், அடிமரங்களைத் துழாவிக்கொண்டு போகும் ஆண் ஏதாவதொன்றில் முட்டிக்கொள்ளும். பெண்கள் அரிதாக இருந்தால் முட்டிக்கொள்ள வாய்ப்பில்லை.

பூச்சி பெருகியபின் இந்த முறை ஏன் உதவாது என்பதற்குக் காரணம் இவ்வளவு எளியது. முட்டைக் குவியல்கள் மரத்தில் வரிசையாகத் தெரியும் காட்டில் டிஸ்பார்லூர் தூவுவது பணத்தைக் காற்றில் விடுவது. அங்கே பிடி தெளியுங்கள், இல்லையென்றால் வைரஸ் நோயும் பூஞ்சை நோயும் வந்து கூட்டத்தைச் சரிக்கும்வரை காத்திருங்கள்.

எண்ணிக்கை குறைவாக இருக்கும்போது நிலைமை தலைகீழ். வார்டர் ஆலீ என்ற அமெரிக்கச் சூழலியலாளர் 1930களில் காட்டியது இது: உயிரினங்கள் கூட்டமாக இருப்பதால் நெருக்கடி வருகிறது என்பது பாதி உண்மை, மிகக் குறைவாக இருந்தாலும் அவை தேய்ந்து அழியும். துணை கிடைக்காமல் போவது அதன் முக்கியக் காரணங்களில் ஒன்று. புதிய இடத்தில் போய் விழுந்த பூச்சிக் கூட்டம் பெரும்பாலும் இப்படித்தான் தானாகவே அற்றுப்போகிறது. நமக்குத் தெரிய வருவதே தப்பித்தவை மட்டும். எந்த எண்ணிக்கைக்குக் கீழே போனால் கூட்டம் அழியுமோ, அந்த வரம்பை உயர்த்துவதுதான் டிஸ்பார்லூர் செய்வது. துணை கிடைப்பது ஏற்கெனவே கஷ்டமாக இருக்கும் கூட்டத்துக்கு இன்னும் கஷ்டம் கொடுத்தால் போதும், மீதியை எண்ணிக்கையே பார்த்துக்கொள்ளும். எல்லாப் பெண்களையும் கன்னியாகவே வைத்திருக்க வேண்டிய அவசியம் கூட இல்லை. சில நாள் தாமதமானாலே முட்டை குறையும், கருவுறாமல் போகும் பங்கு கூடும்.

'ஸ்லோ த ஸ்பிரெட்' என்ற அமெரிக்க வனத்துறைத் திட்டம் நிற்பது இந்தத் தரையில்தான். 1990களில் முன்னோட்டமாகத் தொடங்கி 2000 வாக்கில் முழுத் திட்டமானது. பெயரிலேயே அதன் அடக்கம் இருக்கிறது: பூச்சியை ஒழிக்கப்போவதில்லை, பரவலை மெதுவாக்குவோம், அவ்வளவுதான். பறக்க முடியாத பெண்ணை வைத்துக்கொண்டு இந்தப் பூச்சி எப்படி ஆண்டுக்கு 20 கிலோமீட்டர் வரை முன்னேறியது என்ற கேள்விக்கு விடை, மனிதர்கள். இளம்புழு பட்டிழையில் தொங்கிக் காற்றில் மிதந்து போகும், ஆனால் அதிக தூரம் அல்ல. முட்டைக் குவியல்தான் விறகிலும், வண்டியின் அடியிலும், தோட்ட நாற்காலியிலும் ஒட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்கிறது. இப்படி எல்லைக்கு வெகுமுன்னே சிறு சிறு குடியிருப்புகள் முளைக்கும், வளரும், ஒன்றோடொன்று சேரும். ஒருநாள் பார்த்தால் எல்லை தாவியிருக்கும். மினசோட்டாவிலிருந்து வட கரோலினா வரை நீளும் ஒரு பட்டையில் ஆண்டுதோறும் பல்லாயிரம் பொறிகளைக் கட்டம் கட்டமாக மாட்டி, அந்தச் சிறு குடியிருப்புகளை எங்கே என்று தேடுகிறார்கள். கிடைத்த இடத்தைச் சுற்றி நெருக்கமாகப் பொறி வைத்து எல்லை வரைகிறார்கள். அடுத்த கோடையில், ஆண்கள் பறக்கத் தொடங்கும் முன், விமானம் போகிறது. சிகிச்சை பெறும் பரப்பில் பெரும்பகுதிக்கு டிஸ்பார்லூர்தான். பரவல் வேகம் பாதிக்கும் கீழே வந்திருக்கிறது.

எல்லாக் காட்டுப் பூச்சிக்கும் இது பலிக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். கனடாவின் ஸ்ப்ரூஸ் பட்வார்ம் என்ற அந்து நல்ல பாடம். அதன் மணத்தில் பெரும்பங்கு வகிக்கும் பொருள் 1971லேயே தெரிந்துவிட்டது. 35 ஆண்டுக்கும் மேலாகச் சோதனைகள். பொறிகளில் ஆண்கள் விழுவது குறைந்தது. சோதனைக் காட்டின் புழு எண்ணிக்கையோ நம்பத்தகுந்தபடி குறையவில்லை. அந்தப் பூச்சியின் பெண் பறக்கும், அதுவும் கருவுற்றபின், முட்டையில் ஒரு பங்கை இட்டுவிட்டு. கூட்டமாக மேலெழும்பி இரவுக் காற்றில் நெடுந்தூரம் போவதை ரேடாரிலேயே பார்த்திருக்கிறார்கள். உங்கள் காட்டில் ஆணையும் பெண்ணையும் எவ்வளவு சாமர்த்தியமாகப் பிரித்தாலும் பக்கத்துக் காட்டிலிருந்து கருவுற்ற பெண் வந்து இறங்கினால் என்ன செய்வீர்கள்?

இதற்கு நேர் எதிராக, அமெரிக்க மேற்கில் பைன் மரத் தலைக்குருத்தைத் துளைக்கும் சிறு அந்து ஒன்றில் 1970களின் கடைசியிலேயே நல்ல பலன் கிடைத்தது. எக்டேருக்கு அதன் எண்ணிக்கை எப்போதுமே குறைவு. குருத்துக்கு ஒரு புழு, ஆனால் அந்த ஒன்றே இளமரத்தின் உயர வளர்ச்சியைக் கெடுத்துவிடும். ஆலீ வரம்புக்குப் பக்கத்திலேயே குடித்தனம் நடத்தும் பூச்சி, மணத்தில் எளிதாகச் சிக்கியது. பட்டைத்துளைக்கும் வண்டுகளைப் பற்றி ஒரு வரி: அவை பயன்படுத்துவது ஆணும் பெண்ணும் சேர்ந்து கூட்டமாக மரத்தைத் தாக்குவதற்கான அழைப்பு மணம். அங்கே வெர்பினோன், எம்சிஎச் போன்ற 'இடம் நிரம்பிவிட்டது' மணங்களை மரத்தில் மாட்டுகிறார்கள். பயனுள்ளது, ஆனால் வேறு விளையாட்டு.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த சிக்கல். வேலை செய்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பொறி வைத்துப் பார்க்கலாம் என்பீர்கள். பொறியிலும் இருப்பது பெண்ணின் மணம்தானே! காட்டில் டிஸ்பார்லூர் நிறைந்திருக்கும்போது ஆணுக்குப் பெண் அகப்படாததுபோலவே பொறியும் அகப்படாது. வெறும் பொறி, பூச்சி இல்லை என்பதற்கும் அத்தாட்சி, மணம் வேலை செய்கிறது என்பதற்கும் அத்தாட்சி. எது என்று பொறி சொல்லாது. இதில் இன்னொரு வம்பு, தூவியது அந்த ஆண்டோடு தீர்ந்துபோவதில்லை. தரையில் கிடக்கும் துகள்களிலிருந்து அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் மணம் கசிந்து பொறிப் பிடிப்பைக் குறைப்பதை ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. எனவே ஆய்வாளர்கள் ஆய்வகத்தில் வளர்த்த கன்னிப் பெண் அந்துகளை மரங்களில் வைத்து, ஒரு நாள் கழித்துத் திரும்ப எடுத்து, வயிற்றைத் திறந்து விந்து இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அலுப்பான வேலை. நேர்மையான விடை தருவது அதுதான்.

கசிவு என்றதும் ஒரு கிளைக்கதை. டிஸ்பார்லூரைக் கையாண்ட அமெரிக்கப் பூச்சியியலாளர் ஒருவர், வேலையை விட்டுப் பல ஆண்டுகள் ஆனபின்பும் கோடையில் ஆண் அந்துகள் தன்னையே சுற்றுவதை ஆய்விதழில் முறையாகப் பதிவு செய்தார். 1981இல் ஒரு கட்டுரை, 1995இல் இன்னொன்று, அப்போதும் நிற்கவில்லை. உடல் கொழுப்பில் தங்கி மெல்லக் கசிந்திருக்க வேண்டும். அவருக்கு வேறு தொந்தரவு எதையும் அது தரவில்லை. எத்தனை குறைந்த அளவில் இந்த மூலக்கூறு பேசுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று நான் பார்த்ததில்லை.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். நீண்டகாலம் பயன்பட்ட தூவல் வடிவம் பிளாஸ்டிக். இரண்டு அடுக்குப் பிளாஸ்டிக்குக்கு நடுவே மணப்பொருளை வைத்து அரிசிமணியைவிடச் சிறிய துகள்களாக நறுக்கி, பசை கலந்து, இலைகளில் ஒட்டும்படி விமானத்திலிருந்து தூவுவார்கள். விஷமில்லாத முறை என்று பெருமைப்பட்டுக்கொண்டே காட்டில் பிளாஸ்டிக் பொடியைத் தூவுவது எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. அடுத்த ஆண்டும் கசிகிறது என்பதற்கே அர்த்தம், அது அங்கேயே கிடக்கிறது என்பது. இப்போது மெழுகுக் குழம்பாகத் தெளிக்கும் வடிவம் வந்திருக்கிறது. அது மக்கிப்போகும். என் கையில் இருந்தால் விலை சற்றுக் கூடுதலானாலும் அதற்கே மாறச் சொல்வேன்.

எதிர்ப்புத்திறன் வராதா என்று கேட்பவர்களுக்கு, வரலாம் என்பதுதான் விடை. ஜப்பானியத் தேயிலைத் தோட்டங்களில் இலைசுருட்டு அந்து ஒன்றின் மணத்திலிருந்து ஒரே ஒரு கூறை மட்டும் பத்தாண்டுக்கும் மேலாகப் பயன்படுத்தியதில் பலன் மங்கிவிட்டது. இயற்கை மணத்தின் எல்லாக் கூறுகளையும் சேர்த்துப் பயன்படுத்தியபோது பலன் திரும்பியது. சிக்கனத்துக்காகக் கூறுகளைக் குறைப்பதில் எச்சரிக்கை வேண்டும்.

இதையெல்லாம் தாண்டிய பெரிய சங்கடம் மனிதர்களோடுதான். நடைமுறையில் ஊர்க்கூட்டம் கூட்டி விளக்க வேண்டியிருக்கிறது. 'உங்கள் காட்டில் பொறியில் சில ஆண் அந்துகள் விழுந்தன. புழுவை யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் மர உச்சியை உரசுவதுபோல ஒரு சிறு விமானம் காலையில் பறக்கும்' என்று சொன்னால் எந்த ஊரும் கைதட்டாது. புழு கொட்டிக்கிடக்கும் ஊரில் விமானத்துக்கு வரவேற்பு உண்டு, அங்கே இந்த மருந்தால் பயனில்லை. வெற்றி பெற்றால் காட்டுவதற்கு எதுவுமிருக்காது: போன ஆண்டும் காடு பச்சை, இந்த ஆண்டும் பச்சை. நிதி ஒதுக்குபவர் 'ஒன்றும் நடக்கவில்லையே, எதற்கு இன்னும் செலவு?' என்று கேட்பது இயல்புதான். அதற்குத் திட்டக்காரர்கள் கையில் வைத்திருக்கும் விடை ஒரு வரைபடம்: திட்டம் இல்லாவிட்டால் எல்லை இன்று எங்கே இருந்திருக்கும் என்று கணக்கிட்ட கோடும், உண்மையில் இருக்கும் கோடும். இரண்டுக்கும் நடுவே கிடக்கும் மாவட்டங்களின் மரம் வெட்டும் தொழில், சுற்றுலா, வீட்டு முற்றத்து ஓக் மரங்கள் ஆகியவற்றின் மதிப்பைக் கூட்டிக் காட்டுகிறார்கள். அந்தக் கணக்கு எனக்கு நம்பும்படியாகவே இருக்கிறது. இந்தப் பூச்சி வாழ ஏற்ற அமெரிக்கக் காடுகளில் இன்றுவரை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத்தான் அது பிடித்திருக்கிறது; 150 ஆண்டுக்கு மேலாகியும்.

அந்தக் கணக்குக்குள் அடங்காத ஒன்றும் வருகிறது. ஆசிய வகை ஸ்பாஞ்சி மாத்தின் பெண் நன்றாகப் பறக்கும்; கப்பல்களின் விளக்கொளிக்கு வந்து, கப்பலின் உடலிலேயே முட்டையிட்டுவிடும். பசிபிக் துறைமுகங்களில் அவ்வப்போது அகப்படுகிறது, அகப்படும்போதெல்லாம் பிடி தெளித்து வேரோடு ஒழித்திருக்கிறார்கள். மணத்தை நம்பி அங்கே யாரும் காத்திருப்பதில்லை. காத்திருக்கவும் கூடாது.